சம்பளம் வாங்குபவருக்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் ஆசிரியர்களிடமும், வீட்டுக்கு வரும் விருந்தினர்களிடமும் கேட்காமலேயே தேங்க்ஸ் சொல்லுவான். ஆனால் எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் அக்காவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. போன மாதம் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்த அக்கா, கொட்டுகிற மழையில் அதை எடுத்துக்கொண்டு பள்ளி வேன் நிற்கும் இடம் வரைக்கும் ஓடியிருக்கிறார். இவன் பையை வாங்கிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் வேனில் ஏறிவிட்டான். அன்று மாலை எல்லோர் முன்னிலையிலும் 'அக்காவுக்குத் தேங்க்ஸ் சொல்லு' என்று நான் சத்தம் போட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. இப்போது அவர் வந்தாலே அறைக்குள் போய்விடுகிறான். என் மாமியார், 'வீட்டு மனுஷங்களுக்குள்ள என்ன தேங்க்ஸ் வேண்டிக்கிடக்கு? சம்பளம் வாங்கறவளுக்கு எதுக்கு?' என்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் எல்லாம் செய்து முடித்துவிட்டு நானும் வேலைக்குப் போகிறேன். என்னிடமும் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதால், நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்த ஒருவரின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு பிள்ளை வண்டியேறிப் போனது உங்கள் மனத்தைத் தைத்திருக்கிறது, தைக்கத்தான் வேண்டும். எனினும், அதற்காக உங்கள் மகனை நன்றி கெட்டவன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நன்றி சொல்லும் பழக்கம் அவனிடம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லாமல் விட்டாலும் தவறில்லை என்ற ஒரு பட்டியலையும் அவன் கூடவே கற்றிருக்கிறான். அந்தப் பட்டியல் அவன் தானாக எழுதியதன்று. நம் வீடுகளிலும் வீதிகளிலும் நாள்தோறும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டது.

அந்த மாலையில் நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது இன்னும் ஆறாமல் இருக்கிறது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் "சொல்லு" என்று அதட்டப்படும் 11 வயதுப் பிள்ளைக்கு, தான் பெற்ற உதவி அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. தான் தலைகுனிந்து நிற்பது மட்டுமே தெரியும். அந்த அவமானத்தை அவன், அதற்குக் காரணம் என்று தான் எண்ணுகிறவர்மேல் ஏற்றிவிடுவான். அவர் வந்தால் அறைக்குள் ஒளிவது அதனால்தான். அதில் வெறுப்பைவிடக் கூச்சமே அதிகம். அந்த அக்காவின் நிலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். தாம் கேட்காத ஒரு நன்றிக்காகத் தம் கண்ணெதிரே ஒரு பிள்ளை திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கம்மா, சின்னப் புள்ளதானே" என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டிருப்பார். நன்றி பெற வேண்டியவரே அங்கே சமாதானம் செய்யவும் வேண்டியதாயிற்று.

ஆகவே அவனை மீண்டும் அவர் முன் நிறுத்த வேண்டாம். நாளைக் காலை அவர் வந்ததும், நீங்கள் உங்கள் பங்கை முதலில் சொல்லுங்கள்: "அக்கா, அன்னிக்கு அந்த மழையில நீங்க ஓடலைன்னா அவன் நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருப்பான். உங்களுக்கு அடுத்த வீட்டுக்கும் நேரமாயிருக்கும். ரொம்ப நன்றிக்கா." மகன் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்த வேண்டியதில்லை, விழுந்தால் விழட்டும். பிறகு அவனிடம் தனியாக, சாவகாசமான ஒரு நேரத்தில், அன்று எல்லோர் முன்னாலும் அதட்டியது சரியில்லை என்பதை ஒத்துக்கொண்டு, அவர் அன்று எங்கிருந்து எங்கே ஓடினார், அதனால் அவருக்கு என்ன சிரமம் நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "அதனால் நீ போய்ச் சொல்ல வேண்டும்" என்ற கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடுங்கள். அந்த வாக்கியத்துக்கு அவனே வந்து சேர அவகாசம் தேவை. அது நாலு நாளாகவும் இருக்கலாம், நாற்பது நாளாகவும் இருக்கலாம்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுப்பது வேறு. 1980-இல் அமெரிக்காவில் எஸ்தர் கிரீஃப், ஜீன் பெர்கோ கிளீசன் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 22 குழந்தைகளைப் பெற்றோருடன் கவனித்தார்கள். சந்திக்கும்போது வணக்கம் சொல்வது, பரிசு பெற்றதும் நன்றி சொல்வது, பிரியும்போது விடைபெறுவது ஆகிய மூன்றில், குழந்தைகளிடமிருந்து மிக அரிதாகத் தானாக வந்தது நன்றிதான். பெற்றோர் எடுத்துக்கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகள் சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் அது பேச்சுப் பயிற்சியின் ஒரு பகுதி, அதில் தவறில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பரிசு கொடுத்தவருக்குத் தாங்களே நன்றி சொன்ன பெற்றோரில் தந்தையரைவிடத் தாய்மார்களே அதிகம். குழந்தை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். உங்கள் மகன் எடுத்துக்கொடுக்கும் வயதைத் தாண்டிவிட்டான். இனி அவனுக்குப் பாடம், அவன் கண்முன்னே பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறைதான்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஒரே மூச்சில் இரண்டு கருத்துகளைச் சொல்லியிருக்கிறார். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் முதலாவதில் பெரிய உண்மை இருக்கிறது, இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது.

வீட்டு மனிதர்களுக்குள் நன்றி எதற்கு என்பது பண்பில்லாத பேச்சன்று. 2018-இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிகளில், குடும்பத்தினரும் நண்பர்களும் அண்டை அயலாரும் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்தது. ஒருவர் ஒன்றைக் கேட்டு மற்றவர் செய்துகொடுத்த தருணங்களில், ஏறத்தாழ இருபதில் ஒன்றில்தான் வாய்விட்டு நன்றி சொல்லப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் சற்றுக் கூடுதல். ஈக்வடார் நாட்டில் சாபலா மொழி பேசும் மக்களிடம் அந்தப் பதிவுகளில் ஒரு முறைகூட இல்லை. ஆனாலும் எல்லா இடங்களிலும் மக்கள் ஒருவருக்கொருவர் கேட்டதைச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். தமிழ் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்றாலும், நம் நகரப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. பின்னால் நிற்பவரின் பயணச்சீட்டுப் பணம் ஏழெட்டுக் கைகள் மாறி நடத்துநரைச் சேர்கிறது. சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, யாரும் அதைக் குறையாக எண்ணுவதுமில்லை.

சொல்லாத இடத்திலும் நம்மவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் மாமியாரின் தலைமுறை கண்ணும் கருத்துமாக இருந்தது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது அதில் போகும். பரிமாறியவரைப் பார்த்து "நீயும் உட்காரு, சாப்பிடு" என்று சொல்வதும், மாட்டுப்பொங்கலன்று உழைத்த மாட்டைக் குளிப்பாட்டி மாலை போடுவதும் அதே வகைதான். 1938-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர் ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளிடம், உன் பெரிய ஆசை எது, அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்டார். சில பிள்ளைகள் நன்றி சொல்வேன் என்றார்கள். சிலர், பெரும்பாலும் சிறியவர்கள், தங்களுக்குப் பிடித்த பொருள் ஒன்றைக் கொடுப்பேன் என்றார்கள். வேறு சிலர், அந்த மனிதருக்கு எது தேவையோ அதைச் செய்வேன் என்றார்கள். இந்த மூன்றாவது நிலையே முதிர்ந்தது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அதற்கு எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டும், அவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாமியாரின் சொல்லில் உள்ள உண்மை இது. ஆனால் அந்தச் செயல்கள் உங்கள் வீட்டில் இன்னும் மிச்சம் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். தட்டைப் பார்க்காமல் கைபேசியைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறக்கும் வீட்டில், "நமக்குள் என்ன நன்றி" என்ற பேச்சுக்கு ஆதாரமாக எதுவும் மிஞ்சுவதில்லை. செயலும் போய்ச் சொல்லும் இல்லையென்றால், செய்கிறவருடைய உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் நான் படித்தது அதைத்தான்.

இரண்டாவது கருத்து, சம்பளம் வாங்குபவருக்கு நன்றி எதற்கு என்பது. சம்பளம் வேலைக்கு உரிய விலை. பாத்திரம் தேய்ப்பதும் வீடு துடைப்பதும் அந்தக் கணக்கில் வரும் என்றே வைத்துக்கொள்வோம். மறந்துபோன சாப்பாட்டுப் பையோடு மழையில் ஓடியது எந்தக் கணக்கில் வரும்? அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளை பசியோடு இருப்பானே என்ற எண்ணத்தில் அவராகச் செய்தது. காலத்தினால் செய்த உதவி சிறிதெனினும் உலகைவிடப் பெரிது என்ற குறளை உங்கள் மகன் பள்ளியில் படித்திருக்கலாம், இல்லையென்றால் விரைவில் படிப்பான். அதற்கு அவன் வாழ்நாளில் கிடைத்த முதல் எடுத்துக்காட்டு அந்த வேன் நிறுத்தத்தில்தான் நடந்தது. தவிரவும், பள்ளி ஆசிரியரும் சம்பளம் வாங்குகிறவர்தான், மருத்துவரும் கட்டணம் வாங்குகிறவர்தான். அவர்களுக்கு நாம் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அங்கே சம்பளம் ஒரு தடையாக இருப்பதில்லை. ஆகவே இந்தப் பேச்சில் சம்பளம் ஒரு சாக்குத்தான். உண்மையில் நாம் பார்ப்பது, எதிரில் நிற்பவர் நமக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்பதை. நம் ஊரில் அந்த மேல் கீழுக்குப் பின்னால் பணம் மட்டுமின்றிச் சாதியும் நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகள் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே தேங்க்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால், வேறு சிலவற்றைக் கவனியுங்கள். உங்கள் மகன் அந்த அக்காவை எப்படிக் கூப்பிடுகிறான்? "வாங்க, போங்க" என்றா, "வா, போ" என்றா? ஐம்பது வயதுப் பெண்மணியைப் பேர் சொல்லி ஒருமையில் விளிக்கும் பிள்ளைகளை நான் நல்ல குடும்பங்களிலும் பார்க்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் அப்படிக் கூப்பிடுவதால் அவர்களுக்கு அது தவறாகவே தெரிவதில்லை. அவருக்குக் காப்பி கொடுக்கும் டம்ளர் தனியாக ஓரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? இவற்றைச் சரிசெய்யாமல் நன்றியை மட்டும் சொல்லவைத்தால், அது அவன் நாக்கு நுனியோடு நின்றுவிடும்.

2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாம் மொட்டை மாடிகளிலும் வாசல்களிலும் நின்று, மருத்துவப் பணியாளர்களுக்கும் பிற அத்தியாவசியப் பணியாளர்களுக்கும் நன்றியாகக் கைதட்டினோம். துப்புரவுப் பணியாளர்களை இனித் தூய்மைப் பணியாளர்கள் என்று அழைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் அதே மாதத்தில்தான். அந்தக் கைதட்டலில் இருந்தது உண்மையான உணர்ச்சிதான் என்று நம்புகிறேன். ஆனால் குப்பை வண்டியின் மணியோசை கேட்டதும் வாளியை நீட்டும் கைகளில் எத்தனை, அதை வாங்கும் முகத்தை இன்று நிமிர்ந்து பார்க்கின்றன? உங்கள் மகனை ஒரு நாள் அந்த வாளியோடு அனுப்புங்கள். எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வருபவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள். தன் சாப்பாட்டுத் தட்டையும் டிபன் பாக்ஸையும் தானே கழுவட்டும். ஒட்டிக் காய்ந்த பருக்கையைத் தேய்த்துப் பார்த்த கைக்கு, நாள்தோறும் அதைத் தேய்க்கும் கை தெரியவரும். நன்றி சொல்லும்போது எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை நீங்கள் கொண்டுவாருங்கள். "தேங்க்ஸ்" என்ற ஒற்றைச் சொல் பழகப் பழகத் தேய்ந்துவிடும். "அண்ணா, இந்த வெயில்ல மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, நன்றிங்கண்ணா" என்பது தேயாது.

அந்த அக்காவுக்கு உங்கள் குடும்பம் செய்யக்கூடிய நன்றிகளில் சொல்லுக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. சம்பளத்தை ஒவ்வொரு மாதமும் அவர் கேட்காமல் உரிய நாளில் கொடுப்பது, வார விடுமுறை கொடுப்பது, உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் செய்யாமல் இருப்பது ஆகியவை அடிப்படை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் போன்ற உதவிகள் உண்டு. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உதவுங்கள். எட்டு ஆண்டுகளாகத் தன் வீட்டுக்கு வருகிறவரின் முழுப் பெயரையும் ஊரையும் அவன் அன்றுதான் முதன்முதலாக எழுதக்கூடும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணி முதல் ஓடுகிற நீங்கள் ஒரு வார்த்தைக்கு ஏங்குவது பலவீனமன்று. இதை உங்கள் கணவரிடம் குறையாகச் சொல்லாமல், ஒரு தேவையாக நேரடியாகச் சொல்லுங்கள்: "நான் செய்வதை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், பையன் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும்." மகன் பாடம் படிக்கும் பள்ளி அப்பாவின் வாய் என்பதை அவர் உணர்ந்தால், பாதி வேலை முடிந்தது. நீங்களும் மாமியாரிடம் தொடங்குங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்பவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். "நமக்குள் எதற்கு" என்று முதல் நாள் அவர் தட்டிவிடலாம். இரண்டாம் நாளும் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், அதைப் பெறுபவருக்கு ஏற்படக்கூடிய சங்கடத்தை உள்ளதைவிட அதிகமாகவும், மகிழ்ச்சியை உள்ளதைவிடக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். சொன்னால் செயற்கையாக இருக்குமோ என்று நாம் தயங்குவதில் பெரும்பகுதி நம் மனக்கணக்கின் பிழைதான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நன்றியைக் கடனாக மாற்றிவிடாதீர்கள். "உனக்காக எவ்வளவு செய்கிறேன் தெரியுமா" என்று தொடங்கும் பேச்சு பிள்ளையின் மனத்தில் நன்றியை வளர்க்காது. தான் ஒரு சுமை என்ற எண்ணத்தைத்தான் வளர்க்கும். அன்பளிப்பு கொடுத்த யாருக்கும் தான் கட்டுப்பட்டவன் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும். மிட்டாயோ பொம்மையோ கொடுத்துவிட்டு, மனத்துக்குப் பிடிக்காத ஒன்றை யாராவது செய்யச் சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், உறுதியாக மறுத்துவிட்டு நேராக உங்களிடம் வந்து சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. நன்றி சொன்ன வாயால் "மாட்டேன்" என்றும் சொல்லலாம் என்பதை 11 வயதில் அவன் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அவனுடைய மௌனம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கவனித்து வாருங்கள். அந்த அக்காவிடம் மட்டும் என்றால், மேலே சொன்னவை போதும். சில மாதங்களில் மாற்றம் தெரியும். ஆனால் அடுத்த சில வாரங்களில் அவன் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், முன்பு விரும்பிச் சென்ற இடங்களுக்குப் போக மறுத்தால், அல்லது தூக்கமும் சாப்பாடும் மாறினால், அதை மரியாதைக் குறைவாக எண்ணிக் கண்டிக்க வேண்டாம். பள்ளியில் ஏதேனும் தொந்தரவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பள்ளியின் ஆலோசகரையோ ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரையோ பாருங்கள். அப்போது இந்தச் சாப்பாட்டுப் பை விவகாரத்தையும் அவர்களிடம் விடாமல் சொல்லுங்கள். எந்த நாளிலிருந்து அவன் மாறினான் என்பது அவர்களுக்குப் பயன்படும்.